லினக்ஸ் லேப்டாப்பில் எழுத்து பொடியாகத் தெரிகிறதா: ரெசல்யூஷனா, ஸ்கேலிங்கா, ஃபான்ட்டா?

புது லேப்டாப்பில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டதும் பலர் கேட்கும் கேள்வி இது: "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்தால் பெரிதாகிறது ஆனால் மங்கிப்போகிறது, ஸ்கேலிங் 200% வைத்தால் பாதி விண்டோ திரைக்கு வெளியே போய்விடுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லையா?" இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. அதில்தான் குழப்பமும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், பாதி முடிவு அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். லினக்ஸ் டெஸ்க்டாப்கள் 100% என்று சொல்லும்போது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று வைத்துக்கொள்கின்றன. 24 அங்குல 1920×1080 மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல், அதாவது கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். அதே 1920×1080 ஒரு 14 அங்குல லேப்டாப்பில் வந்தால் 157 ஆகிவிடுகிறது. 11 பாயின்ட் எழுத்து அந்த மானிட்டரில் 4 மில்லிமீட்டர் உயரப் பெட்டிக்குள் நிற்கும், லேப்டாப்பில் அதே எழுத்துக்கு 2.4 மில்லிமீட்டர்தான். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

மற்ற திரைகளையும் சொல்லிவிடுகிறேன். 15.6 அங்குல 1366×768 என்றால் 100, அதே அளவில் 1920×1080 என்றால் 141, 14 அங்குல 2560×1600 என்றால் 216, 14 அங்குல 2880×1800 என்றால் 243, 15.6 அங்குல 4கே (3840×2160) என்றால் 282. உங்கள் எண் 100 பக்கமா, 150 பக்கமா, 200 பக்கமா, 250 பக்கமா என்று தெரிந்தால் போதும்.

## எதை வைத்து எடை போடுவது

கூர்மை. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்குக் கொஞ்சம் மங்கல் பரவாயில்லை என்று தோன்றலாம். தமிழ் படிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சிறிய அளவில் ஒரு புள்ளி இரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும், அது கரைந்தால் 'பக்கம்' எது 'பக்கம' எது என்று கண் தடுமாறும். 'மி'க்கும் 'மீ'க்கும் இடையே இருக்கும் சுழியும் அப்படித்தான், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான்.

எது எது பெரிதாகிறது. எழுத்து மட்டுமா, ஐகான், பட்டன், மவுஸ் கர்சர் எல்லாமுமா?

மிஞ்சும் இடம். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் திரையில் கொள்வது குறையும். ஸ்ப்ரெட்ஷீட் ஆட்களுக்கு இது முக்கியம்.

வெளி மானிட்டர். ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாட்டிக் கழற்றுபவராக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட இதுவே பெரிய விஷயம்.

மறைமுகச் செலவு. பேட்டரி, கிராஃபிக்ஸ் சுமை, ஒத்துழைக்காத செயலிகள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் இருப்பது வேலண்டிலா, எக்ஸ்11-இலா? (திரையில் விண்டோக்களைக் காட்டும் இரண்டு அமைப்புகள் இவை, எக்ஸ்11 பழையது, வேலண்ட் புதியது.) உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அபவுட், சிஸ்டம் டீடெயில்ஸ் என்று போனால் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியில் இருக்கும். உபுண்டு 22.04-இல் பெரும்பாலான லேப்டாப்களுக்கு வேலண்ட்தான் இயல்பு, 25.10-இல் க்னோமின் எக்ஸ்11 செஷனையே எடுத்துவிட்டார்கள். மின்ட்டின் முதன்மை டெஸ்க்டாப்பான சினமன், மின்ட் 22-இலும் இயல்பாக எக்ஸ்11-இல்தான் ஓடுகிறது. கீழே சொல்வதில் பாதி இதைப் பொறுத்து மாறும்.

## ரெசல்யூஷனைக் குறைப்பது

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது, 1920×1080-ஐ 1600×900 அல்லது 1366×768 ஆக்கினால் எல்லாம் உடனே பெரிதாகிறது, எந்தச் செயலியும் தகராறு செய்வதில்லை, லாகின் செய்த பிறகு வரும் எல்லாமே ஒரே சீராக வளர்ந்திருக்கும். வசதி என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை.

விலை கூர்மையில் போகிறது. எல்சிடி திரையில் பிக்சல்கள் எண்ணி அடித்து வைத்தவை, 1366 கேட்டாலும் அங்கே 1920 தான் இருக்கும். ஒரு பிக்சலை 1.4 பிக்சலாக நீட்ட வேண்டும், நீட்ட முடியாது, ஆகவே பக்கத்துப் பிக்சல்களில் சாம்பல் நிறமாகத் தடவிவிடுகிறது. நான் மேலே சொன்ன இரண்டு பிக்சல் புள்ளி இந்தத் தடவலில்தான் காணாமல் போகிறது. இன்னொன்றும் உண்டு. 1920×1080 திரைக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதிப் பிக்சலை மட்டும் பயன்படுத்துகிறீர்கள். 1366×768 என்பது கணக்குப்படி 1920×1080-இல் கிட்டத்தட்டப் பாதிதான்.

4கே திரையில் 1920×1080 வைத்தால் சரியாக இரண்டுக்கு ஒன்று, அங்கே மங்காதே என்று கேட்கலாம். ஒவ்வொரு பிக்சலையும் நான்காக அப்படியே நகல் எடுத்தால் மங்காது. ஆனால் பெரும்பாலும் அங்கும் அதே மென்மையாக்கும் கணக்குத்தான் ஓடுகிறது, எழுத்தோரம் மழுங்கியே தெரியும். 4கே-இல் இதைச் செய்யத் தேவையும் இல்லை, 200% ஸ்கேலிங் அதே அளவை முழுக் கூர்மையோடு கொடுக்கும்.

அப்படியானால் இது எப்போதுமே தவறா? இல்லை. விளையாட்டுகளுக்கு இது நல்ல வழி. சுமாரான கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஒரு கேமை 1280×720-இல் ஓட்டினால் ஃபிரேம் ரேட் ஏறும், அதையும் டெஸ்க்டாப்பில் மாற்றாமல் கேமின் செட்டிங்கிலேயே மாற்றுங்கள். அப்புறம், பழைய புரொஜெக்டரில் மாட்டும்போது. அவ்வளவுதான். படிப்பதற்காக ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள் என்பதுதான் என் பக்கம்.

## முழு எண் ஸ்கேலிங்: 200%

இங்கே ரெசல்யூஷன் தொடப்படுவதில்லை. ஒவ்வொரு பொருளும் அகலத்திலும் உயரத்திலும் இரு மடங்கு பிக்சல்களில் வரையப்படுகிறது, அதனால் எழுத்து பெரிதாவதோடு இன்னும் நேர்த்தியாகவும் ஆகிறது. இருக்கிற வழிகளில் மிகச் சுத்தமானது இதுதான்: வேலண்ட், எக்ஸ்11 இரண்டிலும் நன்றாக ஓடும், கூடுதல் சுருக்கல் வேலை எதுவும் கிடையாது.

ஆனால் இதற்கேற்ற திரை வேண்டும். 2880×1800-இல் 200% வைத்தால் 1440×900 அளவு இடம் கிடைக்கும், அருமை. 4கே-இல் 1920×1080 அளவு, அதுவும் அருமை. 14 அங்குல 1920×1080-இல் வைத்தால் மிஞ்சுவது 960×540, செட்டிங்ஸ் விண்டோவே முழுசாகக் கொள்ளாது.

நடுவில் மாட்டிக்கொள்ளும் திரைகளும் உண்டு. ஃப்ரேம்வொர்க் 13 லேப்டாப்பின் பழைய திரை 13.5 அங்குலத்தில் 2256×1504. 100%-இல் பொடி, 200%-இல் 1128×752 என்று நெருக்கடி. 2024-இல் அவர்கள் கூடுதலாகக் கொடுத்த 2880×1920 திரையில் 200% வைத்தால் 1440×960, பிரச்சினையே இல்லை. லேப்டாப் இன்னும் வாங்கவில்லை, லினக்ஸ்தான் போடப்போகிறீர்கள் என்றால், கடையில் பிராசசரைப் பார்க்கும் அதே கண்ணோடு ரெசல்யூஷனை இரண்டால் வகுத்துப் பாருங்கள், 1440×900 பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

## பின்ன ஸ்கேலிங்: 125%, 150%, 175%

நடுவில் ஒன்று இல்லையா என்ற கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் இது. உபுண்டுவில் டிஸ்பிளே செட்டிங்கில் 'ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்' சுவிட்சை 20.04-இலேயே வைத்துவிட்டார்கள். மின்ட்டில் அதே ஆண்டு வந்த பதிப்பு 20-இலிருந்து டிஸ்பிளே விண்டோவின் செட்டிங்ஸ் டேபில் இருக்கிறது. கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் ஸ்லைடரை நகர்த்தினால் போதும்.

இதைப் பற்றி இணையத்தில் ஒருவர் "அட்டகாசம்" என்பார், இன்னொருவர் "குப்பை" என்பார். இருவர் சொல்வதும் சரிதான், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன.

எக்ஸ்11-இல், அதாவது மின்ட் சினமன் ஆட்களுக்கு, 125% என்பது நேரடியாக 125%-இல் வரைவது அல்ல. முதலில் எல்லாவற்றையும் 200%-இல் ஒரு பெரிய கற்பனைத் திரையில் வரைந்து, பிறகு அதை உங்கள் திரைக்குச் சுருக்குகிறார்கள். 1920×1080-இல் 125% என்றால் இடம் 1536×864, அதற்காக வரையப்படுவது 3072×1728. கணக்குப் போட்டால் வழக்கத்தை விட 2.56 மடங்கு பிக்சல்கள். 150%-இல் 2560×1440, 1.78 மடங்கு. கவனித்தீர்களா, குறைவாகப் பெரிதாக்கினால்தான் சுமை அதிகம். பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஃபேன் சத்தமும், வீடியோவில் கிழிசலும், பேட்டரி இறக்கமும் இதிலிருந்து வரலாம். சுருக்குவதால் எழுத்தோரமும் ஒரு சொட்டு மென்மையாகிவிடும், ரெசல்யூஷனைக் குறைத்ததைப் போல மோசமாக இல்லை, ஆனால் தெரியும்.

வேலண்டில் கதை வேறு, அதுவும் சமீபத்தில்தான் மாறியது. 2022 நவம்பரில் இதற்கென்று ஒரு புரோட்டோகால் சேர்ந்த பிறகு, ஒரு செயலி "எனக்கு 1.25 வேண்டுமா, சரி, நேராக 1.25-இலேயே வரைகிறேன்" என்று செய்ய முடிகிறது, பெரிதாக வரைந்து சுருக்கும் வேலையே இல்லை. பிளாஸ்மா 5.27, ஜிடிகே (க்னோம் செயலிகளைக் கட்டும் கருவித்தொகுப்பு) 4.14 இவற்றுக்குப் பிறகான செயலிகளில் எழுத்து நன்றாகக் கூர்மையாக வரும். அதனால் யாராவது 2020-இல் எழுதிய அனுபவத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

தகராறு செய்பவை எக்ஸ்வேலண்டில், அதாவது எக்ஸ்11 செயலிகளை வேலண்டுக்குள் ஓட்டும் இடைத்தரகரில், ஓடும் செயலிகள். வேலண்ட் தெரியாத பழைய செயலிகள், எலக்ட்ரானில் கட்டிய சில சாட் செயலிகள், ஜாவாவில் எழுதிய சில, வைனில் ஓடும் விண்டோஸ் நிரல்கள் எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரலாம். இவை சின்னதாக வரையப்பட்டு இழுத்துப் பெரிதாக்கப்படும், பக்கத்து விண்டோ பளிச்சென்று இருக்க இது மட்டும் பனிமூட்டமாகத் தெரியும். பிளாஸ்மாவில் 5.26-இலிருந்து "பழைய செயலிகள் தாங்களே பெரிதாக்கிக்கொள்ளட்டும்" என்று ஒரு தேர்வு இருக்கிறது, இந்த விஷயத்தில் பிளாஸ்மா க்னோமை விட முன்னால் போய்விட்டது. வைனுக்கு அதன் சொந்த அமைப்பு விண்டோவில் கிராஃபிக்ஸ் பகுதியில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) எண்ணை ஏற்றலாம்.

பின்ன ஸ்கேலிங்கை வேறு எதுவும் வெல்ல முடியாத இடம் ஒன்று உண்டு: வெளி மானிட்டர். வேலண்டில் லேப்டாப்புக்கு 125% அல்லது 150%, 24 அங்குல மானிட்டருக்கு 100% என்று தனித்தனியாக வைக்கலாம், விண்டோவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் அளவு தானாக மாறும்.

## எழுத்தை மட்டும் பெரிதாக்குவது

அதிகம் பேசப்படாத வழி, 14 அங்குல 1920×1080 வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி. ரெசல்யூஷன் அப்படியே, ஸ்கேல் 100% அப்படியே, எழுத்துக்கு மட்டும் ஒரு பெருக்கல் எண். எழுத்துகள் அந்தப் பெரிய அளவிலேயே நேராக வரையப்படுவதால் கூர்மையில் நயா பைசா இழப்பில்லை, கிராஃபிக்ஸ் சுமையும் இல்லை, எக்ஸ்11 வேலண்ட் வித்தியாசமும் இல்லை.

க்னோமில் அக்சஸிபிலிட்டிக்குள் 'லார்ஜ் டெக்ஸ்ட்' சுவிட்சைப் போட்டால் நேராக 1.25 ஆகிவிடும். அது அதிகமாகப் பட்டால் ட்வீக்ஸ் என்ற செயலியை நிறுவி, ஃபான்ட்ஸ் பகுதியில் 'ஸ்கேலிங் ஃபேக்டர்' எண்ணை 1.1, 1.15, 1.2 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். மின்ட்டில் 'ஃபான்ட் செலக்ஷன்' விண்டோவிலேயே இந்த எண் இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் அப்பியரன்ஸ், ஃபான்ட்ஸ் போய் டிபிஐ எண்ணை 96-இலிருந்து 120 ஆக்கினால் அதுவும் 1.25 தான்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ஐகானும் ஸ்க்ரோல் பாரும் சின்னதாகவே இருக்கும். கர்சருக்குத் தனி செட்டிங், உபுண்டு டாக் ஐகான்களுக்குத் தனி செட்டிங், இரண்டையும் ஒரு முறை மாற்றிவிட்டால் பிறகு தொந்தரவில்லை. எண்ணை 1.3-க்கு மேல் ஏற்றினால் பட்டன்களுக்குள் வார்த்தை கொள்ளாமல் வெட்டுப்பட ஆரம்பிக்கும். டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முன்னாலேயே வரும், நம் வார்த்தைகள் நீளம், அந்தப் பட்டன்களை வடிவமைத்தவர் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். க்யூடி என்ற வேறு கருவித்தொகுப்பில் கட்டிய செயலிகள் சில, க்னோமின் இந்த எண்ணைக் கண்டுகொள்ளவே மாட்டா. முக்கியமான குறை: இந்த எண் எல்லாத் திரைகளுக்கும் பொது. லேப்டாப்புக்காக 1.25 வைத்தால் வெளி மானிட்டரிலும் 1.25, அங்கே எல்லாம் தடித்தடியாக நிற்கும்.

ஃபான்ட் அளவைக் கூட்டும் நேரத்தில் ஃபான்ட்டையே மாற்றிப் பார்ப்பதும் நல்லது. நிறுவலோடு வரும் தமிழ் ஃபான்ட் எது என்பது டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள்) மாறும், ஒரே பாயின்ட் அளவில் லோஹித் தமிழ் ஒரு மாதிரியும் நோட்டோ சான்ஸ் தமிழ் வேறு மாதிரியும் தெரியும். ஆங்கில எழுத்து சரியாகத் தெரிந்து தமிழ் மட்டும் பொடியாகவோ மெலிதாகவோ இருந்தால் கோளாறு ஸ்கேலிங்கில் இல்லை, ஃபான்ட்டில்.

## பிரவுசரில் மட்டும் ஜூம்

நாளெல்லாம் பிரவுசருக்குள்ளேயே இருப்பவர் முழு டெஸ்க்டாப்பையும் ஏன் புரட்ட வேண்டும்? ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'டீஃபால்ட் ஜூம்' இருக்கிறது, 120% வைத்தால் எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்கும் தேர்வும் அங்கேயே உண்டு. குரோமில் அப்பியரன்ஸ் பகுதியில் 'பேஜ் ஜூம்'. டெர்மினலில் கன்ட்ரோலோடு பிளஸ், லிப்ரெஆபீஸில் அதன் சொந்த ஜூம்.

செலவு என்று பெரிதாக இல்லை. பிரவுசரின் மெனுக்கள் சின்னதாகவே இருக்கும், ஃபைல் மேனேஜர் சின்னதாகவே இருக்கும், ஒவ்வொரு செயலியாகச் சரிசெய்துகொண்டு இருக்க வேண்டும். மேலே சொன்ன எழுத்துப் பெருக்கலோடு இதையும் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஃபயர்ஃபாக்ஸ் க்னோமின் எழுத்துப் பெருக்கலையும் எடுத்துக்கொள்ளும், அதன் மேல் 120% வைத்தால் இரண்டும் பெருக்கிக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

| வழி | கூர்மை | எது பெரிதாகும் | வெளி மானிட்டர் | சுமை |
|---|---|---|---|---|
| ரெசல்யூஷன் குறைப்பு | மங்கும் | எல்லாம் | தனித்தனியே வைக்கலாம் | குறையும் |
| 200% | மிக நன்று | எல்லாம் | வேலண்டில் தனித்தனி | சிறிது |
| பின்ன ஸ்கேலிங், வேலண்ட் | புதிய செயலிகளில் நன்று | எல்லாம் | தனித்தனி, இதுவே சிறப்பு | சிறிது |
| பின்ன ஸ்கேலிங், எக்ஸ்11 | சுமார் | எல்லாம் | இழுபறி | அதிகம் |
| எழுத்துப் பெருக்கல் | மிக நன்று | எழுத்து மட்டும் | எல்லாவற்றுக்கும் ஒரே எண் | இல்லை |
| பிரவுசர் ஜூம் | மிக நன்று | இணையப் பக்கம் மட்டும் | கவலையில்லை | இல்லை |

## உங்களுக்கு எது

14 அல்லது 15.6 அங்குலம், 1920×1080, வெளி மானிட்டர் கிடையாது. எழுத்துப் பெருக்கல் 1.15-இலிருந்து 1.25 வரை, கர்சரை ஒரு படி பெரிதாக்குங்கள், முடிந்தது. மின்ட் சினமன் என்றால் இன்னும் உறுதியாக இதையே சொல்வேன், எக்ஸ்11-இல் பின்ன ஸ்கேலிங்கின் சுமையை வேண்டாமென்று ஒதுக்க இதுவே வழி.

அதே லேப்டாப், ஆனால் தினமும் மானிட்டரில் மாட்டுகிறீர்கள். வேலண்டில் பின்ன ஸ்கேலிங். லேப்டாப் 125%, மானிட்டர் 100%. ஏதாவது ஒரு செயலி மங்கினால் அதை மட்டும் கவனியுங்கள், அதற்காக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். டெஸ்க்டாப்பை மாற்றத் தயங்காதவர் என்றால் பிளாஸ்மாவுக்குப் போய்விடுங்கள்.

2560×1600 அல்லது 2256×1504. இங்கே 200% வைத்தால் இடம் போதாது, 100%-இல் படிக்க முடியாது. பின்ன ஸ்கேலிங் 150% பக்கம், கண்டிப்பாக வேலண்ட். எக்ஸ்11-ஐ விட முடியாத கட்டாயம் இருந்தால் 100% ஸ்கேலில் எழுத்துப் பெருக்கலை 1.5 வரை தள்ளிப் பார்க்கலாம், அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

2880×1800, 4கே. 200%. 4கே-இல் 200% வைத்தும் கொஞ்சம் சின்னதாகப் பட்டால் அதன் மேல் எழுத்துப் பெருக்கல் 1.1 அல்லது 1.15 சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் சேரும்போது ஒன்றும் கெடுவதில்லை.

1366×768 பழைய லேப்டாப். அரசு கொடுத்த பழைய மாணவர் லேப்டாப்கள் முதல் இரண்டாம் கையாக வாங்கியவை வரை இந்தத் திரைதான் நிறைய. இதில் எழுத்து ஏற்கெனவே ஓரளவு பெரிது, பற்றாக்குறை இடத்தில்தான். 125% ஸ்கேல் வைத்தால் உயரம் 614 ஆகிவிடும், பல டயலாக் பெட்டிகளின் 'ஓகே' பட்டன் கீழே மறைந்துபோகும். எழுத்துப் பெருக்கல் 1.1, பிரவுசர் ஜூம் 110%, அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கிறீர்கள். இங்கே எழுத்து மட்டும் பெரிதானால் போதாது, பட்டனை மவுஸால் சரியாகத் தொடவும் வேண்டும். ஆகவே முழு ஸ்கேலிங் 150%, கர்சர் பெரிது, பிரவுசர் ஜூம் தேவைக்கேற்ப. அவர்கள் ஒரே நேரத்தில் நான்கு விண்டோ திறக்கப்போவதில்லை, இடம் குறைவதால் இழப்பில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் லாகின் திரை பழையபடி பொடியாகவே நிற்கக்கூடும். அந்தத் திரை உங்கள் பயனர் கணக்குக்குள் ஓடுவதில்லை, அதற்குத் தனிக் கணக்கு, தனி செட்டிங். மின்ட்டில் 'லாகின் விண்டோ' என்ற அமைப்பிலேயே ஹைடிபிஐ (பிக்சல் அடர்த்தி அதிகமான திரை) தேர்வு இருக்கிறது. க்னோமில் உங்கள் டிஸ்பிளே அமைப்புக் கோப்பை லாகின் மேலாளரின் கோப்புறைக்கு நகலெடுக்க வேண்டும், அதற்கு ரூட் அனுமதி தேவை. பாஸ்வேர்ட் அடிக்கும் சில நொடிகளுக்காக இதைச் செய்ய வேண்டுமா என்பது உங்கள் பாடு.